பிறவியிலேயே தீயவர் உண்டோ?

குகையின் வாயிலில் நடந்த சண்டை ஓய்ந்துவிட்டது. காவல் நின்ற ஓர்க்குகள் வீழ்ந்து கிடக்கின்றன. வாளேந்திய வீரன் ஒருவன், மந்திரவாதி ஒருவன், தெய்வத்தின் பேரால் காயம் ஆற்றும் பூசகர் ஒருவர் ஆகிய மூவரும் தீப்பந்தத்தை உயர்த்திக்கொண்டு உள்ளறைக்குட் புகுகின்றனர். அங்கே ஆயுதந் தாங்கியவர் எவருமில்லை. சுவரோடு ஒட்டியபடி ஓர்க்குப் பெண்கள் சிலர் நிற்கின்றனர். அவர்தம் முதுகுக்குப் பின்னே சண்டையிட அறியாத குழந்தைகள் ஒளிந்திருக்கின்றனர். இனிச் செய்யத்தக்கது யாது?

இக்காட்சி நாவலொன்றில் வருவதன்று. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து, கடதாசி, பென்சில், பகடை ஆகியவற்றைக் கொண்டு ஆடும் ஒரு விளையாட்டில் வருவது. அமெரிக்காவில் 1979ஆம் ஆண்டு 'எல்லைப்புறக் கோட்டை' எனப் பொருள்படும் பெயரோடு சிறு புத்தகமொன்று வெளிவந்தது. புதிதாக ஆடப் பழகுவோருக்கென அமைந்த சாகசம் அதில் விரிக்கப்பட்டிருந்தது. குகைகளில் வாழும் பகைக் கூட்டங்களைக் கணக்கெடுத்த ஆசிரியர், ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை என்று எழுதியதோடு நில்லாமல், சண்டையிடாத சிறுவர் இத்தனை என்றும் எழுதி வைத்தார். அவர்களை என்ன செய்வது என்று மட்டும் எழுதவில்லை. அந்த வரியும் அதுபோன்ற வரிகளும் எழுப்பிய வாதம் இன்றுவரை ஓயவில்லை. விளையாட்டுத்தானே என்று தள்ளிவிட நினைப்போர் சற்றுப் பொறுத்து எம்மோடு வருவாராக.

இவ்விளையாட்டின் பெயர் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்'. நிலவறைகளும் டிராகன்களும் என்பது பொருள். கேரி கைகாக்ஸ், டேவ் ஆனெசன் என்னும் இருவர் ஆக்கிய இது, விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து 1974இல் ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு நூல்களாக வெளிவந்தது. முதற்பதிப்பு ஆயிரம் பெட்டிகளே. ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, அதன் வாயாற் பேசி, அதன் மனத்தால் முடிவு செய்வர். ஒருவர் மட்டும் பாத்திரம் ஏற்காது, கதையையும் களத்தையும் பகைவரையும் தம் கையில் வைத்து ஆட்டத்தை நடத்துவார். நமது கூத்துகளில் அண்ணாவியார் நிற்கும் இடத்தில் அவர் நிற்கிறார் எனலாம். வேறுபாடு என்னவெனில், இந்த அண்ணாவியாருக்கும் கதையின் முடிவு தெரியாது.

இவ்விளையாட்டில் வரும் ஒவ்வோர் உயிருக்கும் அதன் வலிமை, வேகம், கவசம் என்பவற்றோடு இன்னொரு குறிப்பும் எழுதப்பட்டிருக்கும். அதனை 'அலைன்மென்ட்' என்பர். நாம் 'சார்பு' என்று வைத்துக்கொள்வோம். இவ்வுயிர் நன்மையைச் சார்ந்ததா, தீமையைச் சார்ந்ததா என்பதைச் சொல்வது அது.

படைப்பட்டியல் அறநூலான கதை

இச்சார்பு எங்கிருந்து பிறந்தது என்று தேடிப்போனால், அது எம்மை அறநூல் எதனிடமும் கொண்டு சேர்ப்பதில்லை. போர்க்களத்துக்கே கொண்டு சேர்க்கிறது. கைகாக்ஸும் ஜெஃப் பெரன் என்பவரும் 1971இல் 'செயின்மெயில்' என்னும் விதிநூலை வெளியிட்டிருந்தனர். சிறு பொம்மை வீரர்களை மேசைமீது அணிவகுத்து ஆடும் போர் விளையாட்டு அது. அதன் பிற்பகுதியில் மந்திரவாதிகளும் டிராகன்களும் இடம்பெற்றன. எந்தப் பிராணி எந்தப் படையில் நிற்கலாம் என்று ஒரு வரையறை வேண்டியிருந்தது. ஆகவே ஒழுங்கின் பக்கம், குழப்பத்தின் பக்கம், இரண்டுக்கும் நடு என மூன்று வரிசைகளாக அவற்றைப் பிரித்து எழுதினர். ஒழுங்கும் குழப்பமும் மோதும் இக்கருத்து, போல் அண்டர்சன், மைக்கேல் மூர்கொக் ஆகியோரின் கற்பனைக் கதைகளிற் பயின்ற ஒன்று.

அப்பட்டியலின் நோக்கம் படை திரட்டுவோனுக்கு உதவுவது மாத்திரமே. சதுரங்கத்திற் கறுப்புக் காய்களைத் தீயவை என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் 1974இல் பொம்மைக்குப் பதிலாகப் பாத்திரம் வந்தது. பாத்திரத்துக்கு மனம் வந்தது. பழைய பட்டியலோ அப்படியே உடன் வந்துவிட்டது. எந்தப் படை என்ற கேள்விக்கு எழுதிய விடை, எத்தகைய நெஞ்சு என்ற கேள்விக்கும் விடையாயிற்று. பின்னர் எழுந்த சிக்கல்கள் யாவற்றுக்கும் வேர் இங்கேதான் உள்ளது என்பது எமது கருத்து.

ஒழுங்கு வேறு, நன்மை வேறு என்பதைக் கைகாக்ஸ் விரைவிலேயே கண்டுகொண்டார். 1976இல் எழுதிய கட்டுரையொன்றில் இரண்டையும் பிரித்து, குறுக்கும் நெடுக்குமாக இரு கோடுகள் வரைந்து காட்டினார். 1978இல் வெளிவந்த விதிநூலில் அது ஒன்பது கட்டங்களாக விரிந்தது. சட்டத்தைப் போற்றி ஏழைக்கும் நீதி வழங்கும் நடுவர் ஒரு கட்டத்தில். சட்டத்தை மீறி ஏழைக்கு உதவும் காட்டு வீரன் ஒரு கட்டத்தில். சட்டத்தைக் கொண்டே குடிகளை நசுக்கும் கொடுங்கோலன் ஒரு கட்டத்தில். சட்டமும் இன்றி இரக்கமும் இன்றி அழிப்பவன் இன்னொன்றில். இவற்றுக்கிடையே நடுநிலையாளர் பல வகையினர். (ஒவ்வொரு சார்பினருக்கும் தனித்தனி மொழி உண்டு என்றுகூட அக்கால விதிகள் கூறின. நல்லவர் அனைவரும் ஒரே மொழி பேசுவர் என்ற அந்த ஆசையை நினைத்தால் நகைப்பும் வருகிறது, ஏக்கமும் வருகிறது.)

ஒன்பது கட்டங்கள் போதுமா? எமது இராமகாதையிலிருந்து கும்பகருணனை அழைத்து வந்து அமர்த்திப் பாருங்கள். அண்ணன் செய்தது பிழை என்று அவனிடமே எடுத்துரைத்தான். அவன் கேளாதபோது, உண்ட சோற்றுக்கு உயிர் கொடுக்கக் களம் புகுந்தான். ஒழுங்கின் கோட்டில் அவனை வைப்பதில் தடையில்லை. மற்றைக் கோட்டில் எங்கே வைப்பது? பாரதத்துக் கர்ணனுக்கும் இதே கேள்விதான். எமது வீட்டில் ஒரு மாலைப்பொழுது முழுவதும் இவ்வாதத்திற் கழிந்தது. இரவுச் சாப்பாடு ஆறிப்போனதேயன்றி முடிவு கிட்டவில்லை. மாணவ வாசகர் முயன்று பார்க்கலாம்.

செய்கையா, பிறப்பா?

மனிதப் பாத்திரத்தைப் பொறுத்தவரை இக்கட்டங்கள் பூட்டிய கதவுகள் அல்ல. நல்லவன் என்று எழுதிக்கொண்டவன் கொடுமை செய்வானாயின், ஆட்டத்தை நடத்துபவர் அதனைக் கவனித்து வருவார். போக்கு மாறிவிட்டது எனக் கண்டால் அவன் சார்பை மாற்றி எழுதுவார். அதற்குத் தண்டனையாக அவன் தேடிய திறமையில் ஒரு படியை இழப்பான் என 1979ஆம் ஆண்டு விதிநூல் கூறிற்று. 'பலடின்' எனப்படும் அறப்போர் வீரனுக்கு விதி இன்னுங் கடுமையானது. அவன் அறிந்தே ஒரு தீச்செயல் புரிந்தால் அவனது தெய்வ ஆற்றல்கள் அந்தக் கணமே போய்விடும், மீளா. ஆக, மனிதருக்குச் சார்பு என்பது செய்கைகளின் வரவுசெலவுப் புத்தகம்.

ஓர்க்குக்கோ அப்படியன்று. 1977இல் வந்த 'மொன்ஸ்டர் மனுவல்' என்னும் பிராணிக் கோவையில் அதன் பெயருக்கு நேரே தீமை என்று அச்சாகியிருந்தது. எந்த ஓர்க்கு என்ற கேள்வி எழவில்லை. என்ன செய்தது என்ற கேள்வியும் எழவில்லை. டிராகன்களின் நிலை இன்னும் வேடிக்கை. பொன், வெள்ளி, வெண்கல நிறத்தன நல்லவை. சிவப்பு, கறுப்பு, பச்சை நிறத்தன தீயவை. தோலைப் பார்த்தே நெஞ்சை அறிந்துகொள்ளலாம். ஆனால் பாதி ஓர்க்குக் குருதி உடைய பாத்திரத்தை ஆடுவோர் ஏற்கலாம் என 1978இல் இடமளித்தபோது, அப்பாத்திரம் தன் சார்பைத் தெரிந்துகொள்ளவும் இடம் பிறந்தது. பாதிக் குருதிக்கு உள்ள சுதந்திரம் முழுக் குருதிக்கு எங்கே போயிற்று?

இவ்விடத்தில் வாசகர் எமது முதற்பத்தியை ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டுகிறோம். காவல் நின்ற ஓர்க்குகள் 'கிடக்கின்றன' என்று அஃறிணையில் எழுதிய எமது பேனா, பெண்களிடம் வந்ததும் 'நிற்கின்றனர்' என்று உயர்திணைக்குத் தாவியிருக்கிறது. எண்ணிச் செய்ததன்று, எழுதி முடித்த பின்பே கண்டோம். ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. தமிழில் வினைமுற்றை எழுதும் முன்னரே, எதிரில் நிற்பது அவரா அதுவா என்று முடிவு செய்தாக வேண்டும்.

நன்னூலார் இதற்கு வகுத்த எல்லை சிந்திக்கத்தக்கது. மக்களோடும் தேவரோடும் நரகரையும் சேர்த்தே அவர் உயர்திணை என்றார். நரகத்திற் கிடப்போரும் உயர்திணையே! ஆகவே உயர்திணை என்பது நல்லவர்க்கு இடும் பட்டமன்று. பகுத்தறியும் ஆற்றல் எங்குளதோ அங்கு அது உண்டு. புலி மானைக் கொன்றால் நாம் அதனைப் பாவி என்பதில்லை. இவ்விளையாட்டின் விதிகளும் அப்படியே, விலங்குகளுக்கு நன்மையும் தீமையும் இல்லை என்று நடுவில் நிறுத்தின. பிற்காலப் பதிப்புகள் 'சார்பற்றவை' என்றே எழுதின. அப்படியாயின் ஓர்க்கைத் தீயது என்று சொல்லும்போதே, அதற்குப் பகுத்தறிவு உண்டு என ஒப்புக்கொள்கிறோம். பகுத்தறிவு உண்டெனின் தெரிவு உண்டு. தெரிவு உண்டெனின், தொட்டிலிற் கிடப்பது இன்னும் எதையும் தெரியவில்லையே! தீமை என்ற சொல்லையும் பிறப்பு என்ற சொல்லையும் ஒரே பட்டியலில் எழுத முயன்றபோது பட்டியல் தானே கிழிந்துவிட்டது.

ஓர்க்கு என்னும் உயிரைக் கற்பனையுலகுக்குத் தந்த ஒக்ஸ்போட் பேராசிரியர் ஜே. ஆர். ஆர். ரோல்கீனும் இம்முடிச்சில் அகப்பட்டவரே. 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' நெடுங்கதை 1954இலும் 1955இலும் வெளிவந்தது. அதில் ஓர்க்குகள் பேசுகின்றனர், முறையிடுகின்றனர், தம்முட் சண்டையிடுகின்றனர். தீமைக்கு உயிரைப் படைக்கும் ஆற்றல் இல்லை, உள்ளதைக் கெடுக்கவே முடியும் என்பது கத்தோலிக்கரான அவர் கொண்ட உறுதி. அப்படியாயின் இவர்கள் யாரைக் கெடுத்து உண்டாக்கப்பட்டவர்? மீட்சி இவர்களுக்கு உண்டா? முதுமையிலும் இக்கேள்வியைப் பற்றி மாறிமாறி அவர் எழுதி வைத்த குறிப்புகள், அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்குப் பின், 1993இல் மகன் கிறிஸ்தோபரின் பதிப்பாக வெளிவந்தன. முடிந்த விடை ஒன்று அவற்றில் இல்லை.

இராக்கதரும் வந்து சேர்ந்தனர்

இந்தப் பிராணிக் கோவையைப் புரட்டும் தமிழ் வாசகர் ஓரிடத்தில் திடுக்கிடுவர். அதிலே 'ராக்ஷசர்' இருக்கின்றனர். புலித்தலையும், உயர்குடியினர் அணியும் மேலங்கியும், வாயிற் புகைக்குழாயுமாக ஒருவர் சாய்ந்து அமர்ந்திருக்கும் படமும் உண்டு. சார்பு: ஒழுங்கோடு கூடிய தீமை. ஆசி பெற்ற அம்பொன்றினால் மட்டும் எளிதிற் கொல்லலாம். இவ்விவரம் இராமாயணத்திலிருந்து நேரே போனதன்று. 1974இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'கொல்சாக்' என்னும் மர்மத் தொடரின் ஒரு கதை வழியாகப் போனது. வழியில் ஒருவரைத் தவறவிட்டு விட்டனர். அவர் வீடணர்.

இராக்கதர் குலத்திற் பிறந்தும் அறத்தின் பக்கம் நின்றவர் என்று கம்பர் பாடிய அவரை, இராவணன் தம்பி என்பதற்காகவே கொல்ல வேண்டும் என்று இராமனின் பாசறையிற் சிலர் சொன்னதும் காதையில் உண்டு. பாசறை வாயிலில் நிற்பவன் எக்குலத்தான் என்பதைப் பார்ப்பதா, அவன் யாதுக்காக வந்தான் என்பதைப் பார்ப்பதா என்று அங்கே ஒரு நீண்ட ஆலோசனையே நடக்கிறது. அசுரர் குலத்துப் பிரகலாதனும் கொடையாற் சிறந்த மாவலியும் இருக்கவே இருக்கின்றனர். எமது பழங்கதைகள் குலத்தின் பேரால் எவரையும் இழிவு செய்ததில்லை என்று நாம் பெருமை பேச வரவில்லை, செய்திருக்கின்றன. ஆயினும் கதவைச் சிறிது திறந்தே வைத்திருந்தன.

ஈரும் பேனும்

இனிக் கசப்பான பகுதி. பலடின் ஒருவன் அந்தக் குகைக் குழந்தைகளைக் கொன்றால் அவன் அறம் பிழைத்தவனா? கைகாக்ஸ் தமது முதுமையில், 2005ஆம் ஆண்டளவில், இத்தகைய வினாவுக்கு எழுத்தில் விடை பகர்ந்தார். அவன் அறம் பிழைத்தவனாகான் என்பது அவர் கருத்து. அதற்கு ஆதரவாக, ஈர்தான் நாளைக்குப் பேனாகும் என்ற பொருளுடைய பழமொழியொன்றையும் எடுத்தாண்டார்.

அமெரிக்க வரலாற்றில் அப்பழமொழிக்கு ஓர் இடமும் ஒரு நாளும் உண்டு. 1864ஆம் ஆண்டு நவம்பர் 29ஆந் தேதி, கொலராடோவில் சாண்ட் கிறீக் என்னும் ஓடைக் கரையில், செயென், அரப்பஹோ மக்களின் கூடாரங்களைக் கேணல் ஜோன் சிவிங்டனின் படை விடியற்காலையில் தாக்கியது. கூடாரங்களின் மேல் அமெரிக்கக் கொடி பறந்துகொண்டிருந்தது. இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியோருமே. குழந்தைகளையும் விடலாகாது என்பதற்குச் சிவிங்டன் காட்டிய காரணமாகச் சொல்லப்படுவது இதே பழமொழி. அந்தப் படையில் சைலஸ் சோல் என்னும் கப்டன் ஒருவரும் இருந்தார். தம் ஆட்களைச் சுடவிடாது நிறுத்தினார். அடுத்த ஆண்டு விசாரணையில் கண்டதைக் கண்டவாறு சாட்சி கூறினார். 1865 ஏப்ரலில் டென்வர் நகரத் தெருவிற் சுட்டுக் கொல்லப்பட்டார். சிவிங்டன் தண்டனை எதையும் அடையவில்லை.

2008இல் காலமான கைகாக்ஸ் மீது இதைச் சுமத்துவது எமது நோக்கமன்று. கற்பனை உலகொன்றின் பழங்கால நீதியைப் பற்றியே அவர் பேசினார். இரத்தம் எங்கும் சிந்தவில்லை. எனினும், மேசை விளையாட்டுக்கு நியாயம் தேடிப் போனவர் கையில் அகப்பட்டது உண்மையான ஒரு கொலைக்களத்தின் வாசகமாக இருந்ததே, அதுதான் எம்மை உறுத்துகிறது.

மறுபக்கத்தாரும் சொல்லுகின்றனர். வேலையால் களைத்து வந்து ஆடும் நேரத்தில், குற்ற உணர்வின்றி வாள்வீச ஒரு பகைவன் வேண்டாமா? ஒவ்வோர் ஓர்க்குக்கும் ஒரு சோகக் கதை கேட்க வேண்டுமா? இது நியாயமான பேச்சு. ஆனால் அதற்குப் பேய்கள் உள்ளன. இறந்தெழுந்த எலும்புக்கூடுகள் உள்ளன. தீமையே உருக்கொண்டு வந்தவற்றுக்குத் தாயுமில்லை, தொட்டிலுமில்லை. பகைவனுக்குச் சமையற்கட்டும் பிள்ளைகளும் கொடுத்த பின்னர், அவனைப் பேய்போல் நடத்துவோம் என்றால் மனம் ஒப்புவதில்லை.

ஒப்பவில்லை என்பதை விளையாட்டின் வரலாறே காட்டுகிறது. 1988இல் ஆர். ஏ. சல்வட்டோர் எழுதிய நாவலொன்றில் டிறிஸ்ட் என்னும் வீரன் தோன்றினான். தீயவர் என்று குறிக்கப்பட்ட பாதாள எல்ஃபுகளின் குலத்திற் பிறந்து, அதனை விட்டு வெளியேறியவன். வாசகர் உள்ளத்தை அவன் கொள்ளை கொண்டான். 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் 'எப்போதும்', 'வழக்கமாக', 'அடிக்கடி' என்னும் சொற்கள் சார்பின் முன்னே வந்து ஒட்டிக்கொண்டன. அதே பதிப்பில், அதுவரை ஒழுங்குடைய தீயோராயிருந்த ஓர்க்குகள் ஒழுங்கற்ற தீயோராக மாற்றி எழுதப்பட்டனர். மனிதனொருவன் சார்பு மாறினால் ஒரு படி இழக்க வேண்டியிருந்தது. இங்கே ஒரு குலம் முழுவதும் ஒன்றுமே செய்யாமல் மாறிவிட்டது! 2004இல் வந்த 'எபரொன்' என்னும் கற்பனை உலகில் ஓர்க்குகளிற் சிலர் உலகைக் காக்கும் துறவோராயினர். டிராகனின் நிறம் அதன் குணத்தைச் சொல்லாது எனவும் ஆயிற்று. 2020 யூன் மாதத்தில், விளையாட்டை இப்போது வெளியிடும் நிறுவனம், ஓர்க்குகளையும் பாதாள எல்ஃபுகளையும் மற்றை மக்களைப் போலவே பலவகைக் குணமுடையோராகக் காட்டப் போவதாக அறிவித்தது. 2024இன் விதிநூலில் ஓர்க்கு என்பது ஆடுவோர் ஏற்கத்தக்க மக்கட் கூட்டங்களுள் ஒன்று. 2025இன் பிராணிக் கோவையில் ஓர்க்குக்கெனத் தனிப் பதிவே இல்லை. புலித்தலை இராக்கதர் மட்டும் இன்னும் தீமையின் கட்டத்திலேயே அமர்ந்திருக்கிறார்.

அச்சிட்ட சொல்லை நீக்கியதால் வாதம் தீர்ந்துவிட்டதா எனில், இல்லை. பழைய 'எல்லைப்புறக் கோட்டை' இன்றும் பல மேசைகளில் ஆடப்படுகிறது. ஆடுவோர் அந்த உள்ளறையை அடைகின்றனர். சிலர் வாயிலை மூடிவிட்டுத் திரும்புவர். சிலர் பெண்களையும் பிள்ளைகளையும் மலைக்கப்பால் போகவிடுவர். பலடின் பாத்திரம் ஏற்றவர் தம் தாளைப் பார்ப்பார். மற்றையோர் அவர் முகத்தைப் பார்ப்பர். பூட்டுடைப்பதற்கும் பொறியைக் கண்டுபிடிப்பதற்கும் விதியுண்டு. இதற்கு உருட்டும் பகடை அந்தப் பெட்டியில் இல்லை.